ஒரு கண், ஒரு சங்கிலி, ஆயிரம் முக்கோணங்கள்: இந்தியாவை அளந்த வில்லியம் லாம்டன் யார்?

1799. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கோட்டையை ஆங்கிலேயப் படை நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு இருட்டு ராத்திரியில் ஜெனரல் பெயர்ட் தலைமையில் ஒரு படைப்பிரிவு தேடுதல் வேலைக்குப் போனது. வேலை முடிந்து முகாமுக்குத் திரும்புகிறார்கள். முகாம் இருப்பது தெற்கே. ஆனால் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்த ஓர் அதிகாரிக்கு ஏதோ உறுத்தியது. சப்தரிஷி மண்டலம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அது கண் முன்னால் தெரிந்தது. அதாவது, படை வடக்கே, நேராக எதிரியின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அவர் போய் ஜெனரலிடம் சொன்னார். நட்சத்திரத்தைக் கேட்டு வழி போகும் நிலையில் தான் இல்லை என்று ஜெனரல் எரிந்து விழுந்தார். பிறகு சின்ன வெளிச்சம் உண்டாக்கி, பாக்கெட் காம்பஸை எடுத்துப் பார்த்தார்கள். நட்சத்திரம் சொன்னதுதான் சரி. படை திரும்பியது.

அந்த அதிகாரிதான் வில்லியம் லாம்டன். அடுத்த 20 ஆண்டுகளில் தென்னிந்தியாவை அங்குலம் அங்குலமாக அளந்தவர். இன்று உங்கள் போனில் இருக்கும் இந்திய வரைபடத்தின் கதை, இவர் சென்னையில் போட்ட ஒரு கோட்டில் இருந்துதான் தொடங்குகிறது.

லாம்டன் அந்த இரவில் செய்ததை இன்று உலகம் முழுக்க ஒரு விளையாட்டாகவே ஆடுகிறார்கள். பெயர் ஓரியன்டீரிங்.

அது என்ன ஓரியன்டீரிங்?

கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். காட்டிலோ, பூங்காவிலோ, ஊருக்குள்ளோ சில இடங்களில் ஆரஞ்சு-வெள்ளைத் துணிப் பெட்டிகள் தொங்கும். அவற்றுக்கு 'கண்ட்ரோல்' என்று பெயர். மேப்பில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கும் அந்தக் கண்ட்ரோல்களை வரிசைப்படி கண்டுபிடித்து, குறைந்த நேரத்தில் முடிப்பவர் வெற்றியாளர். எந்த வழியாகப் போவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குன்றை ஏறிக் கடப்பதா, சுற்றிக்கொண்டு ஓடுவதா? அந்த முடிவு உங்களுடையது. வேகமாக ஓடுபவர் தப்பான பக்கம் ஓடினால், நிதானமாக நடந்து வருபவரிடம் தோற்றுப்போவார். விளையாட்டின் சுவையே அதுதான்.

ஸ்வீடன், நார்வே ராணுவங்களின் பயிற்சியாகத் தொடங்கியது இது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-ல் நார்வேயில் நடந்தது. சர்வதேசக் கூட்டமைப்பு 1961-ல் உருவானது. 1966-ல் பின்லாந்தில் முதல் உலக சாம்பியன்ஷிப். என்.சி.சி-யில் இருந்தவர்களுக்கு மேப் ரீடிங் வகுப்பு நினைவிருக்கும். கிட்டத்தட்ட அதே பாடம்தான், ஓட்டத்தோடு சேர்த்து.

ஆனால் இந்த விளையாட்டுக்கு முதல் தேவை நம்பகமான ஒரு மேப். 1799-ல் தென்னிந்தியாவுக்கு அப்படி ஒன்று இல்லை.

யார்க்‌ஷயரில் இருந்து மெட்ராஸுக்கு

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், 1750களில், வசதி இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் கெட்டி. அதுவே அவருக்கு வழி திறந்தது. 33-வது காலாட்படைப் பிரிவில் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் பிடிபட்டார். பிறகு பத்தாண்டுகளுக்கும் மேல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் வேலை. ஒரு சூரிய கிரகணத்தைக் கவனிக்கும்போது ஒரு கண் பார்வை பாதிக்கப்பட்டது. பின்னாளில் நூற்றுக்கணக்கான மைல் தூரத்தைக் கருவி வழியாகப் பார்த்து அளந்த மனிதருக்கு, சரியாகத் தெரிந்தது ஒரு கண் மட்டும்தான்.

1790களின் பிற்பகுதியில் இந்தியா வந்தபோது அவருக்கு வயது 40க்கு மேல். பெரிய பதவி எதுவும் இல்லை. அவருடைய ரெஜிமென்ட் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு.

திப்பு வீழ்ந்த பிறகு லாம்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். கிழக்குக் கடற்கரையில் இருந்து மேற்குக் கடற்கரை வரை முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளப்பது. அதோடு, பூமியின் வடிவத்தையும் வளைவையும் கணக்கிடுவது. வெல்லெஸ்லி ஆதரவு தர, அனுமதி கிடைத்தது.

எல்லோருக்கும் இது புரியவில்லை. மெட்ராஸ் நிதிக் குழு உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வி பிரபலம். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டியவர் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதாதா, கொண்டுபோய் விட்டுவிடுவானே, இதற்கு எதற்கு மேப் என்பது அவருடைய வாதம். ஆட்டோக்காரருக்கு வழி தெரியும், மேப் வேண்டாம் என்கிற மாதிரி.

கோடு ஒன்று, கணக்கு நூறு

முக்கோண அளவை என்றதும் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அப்படிக் கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடி. அதில் இருந்து இன்னொன்று. இப்படியே ஆற்றையும் காட்டையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம். தரையில் கால் வைத்து அளக்க வேண்டியது அந்த முதல் கோட்டை மட்டும்தான்.

ஆனால் அந்த முதல் கோட்டில் தவறு வந்தால், பின்னால் வரும் எல்லா முக்கோணமும் தவறு.

அதனால்தான் 1802 ஏப்ரல் 10 அன்று, சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் தொடங்கிய அளவை அவ்வளவு மெதுவாக நடந்தது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இது முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போன பொருட்களில் ஒன்று. அங்கே ஏற்கப்படாமல் கல்கத்தா வந்து, கடைசியில் லாம்டன் கைக்குக் கிடைத்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, தெர்மாமீட்டர் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். சுமார் ஏழரை மைல், அதாவது 12 கி.மீ. அந்த 100 அடியை கிட்டத்தட்ட 400 முறை எடுத்து வைத்தார்கள். பல வாரங்கள் ஆனது.

கோணம் அளக்க வேண்டிய தியோடலைட் கருவி லண்டனில் செய்யப்பட்டது. எடை அரை டன். அதைக் கொண்டுவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்தவர்கள், அது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் பத்திரமாக மெட்ராஸுக்கே அனுப்பிவைத்தார்கள். எதிரி நாட்டுக்காரர்கள் என்றாலும்!

வேலை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே பலன் தெரிந்தது. மெட்ராஸில் இருந்து மங்களூரு வரை தென்னிந்தியாவின் அகலம் சுமார் 400 மைல் என்று பழைய வரைபடங்கள் சொன்னன. லாம்டன் கணக்கில் அது 360 மைல்தான். 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது. பெங்களூரு அருகே இரண்டாவதாக ஓர் அடிக்கோட்டை அளந்து, சென்னையில் இருந்து வந்த கணக்கோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் சில அங்குலம்தான்.

டெல்டாவில் வந்த சோதனை

மலை இருக்கும் ஊரில் அளவை சுலபம். உச்சியில் ஏறினால் அடுத்த மலை தெரியும். காவிரி டெல்டா அப்படி இல்லை. எங்கும் தட்டையான வயல், தென்னை, பனை. நான்கு தோப்புக்கு அப்பால் எதுவும் தெரியாது. உயரமாக இருந்தது கோயில் கோபுரங்கள் மட்டும்தான். அதனால் லாம்டன் குழு கோபுரங்களையே மலையாக வைத்துக்கொண்டது.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில். சுமார் 60 மீட்டர் உயர விமானத்துக்கு மேலே அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். நடுவில், கருவியைச் சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் போய் மோதியது. கோணங்கள் குறித்திருந்த 3 அடி விட்ட வளையம் வடிவம் கெட்டு நசுங்கியது. இந்தியாவில் அப்படி இன்னொரு கருவி கிடையாது. லண்டனில் இருந்து புதிது வர வருடக்கணக்கில் ஆகும்.

வேறு யாராக இருந்தாலும் திட்டத்தை மூட்டை கட்டியிருப்பார்கள். லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். கருவியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். வளையத்தின் சரியான அளவை வரைந்துவைத்துக்கொண்டு, ஆப்பு, திருகு, கப்பி, மரச்சுத்தியல் எல்லாம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தட்டி, பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனது. அந்தக் கருவி மீண்டும் வேலைக்குப் போனது. இன்னும் பல ஆண்டுகள் ஓடியது.

அளந்தது யார், யாருக்காக?

லாம்டனின் உழைப்பை வியக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு ஆசை பூமியின் வடிவத்தை அறிவதில் இருந்தது. ஆனால் செலவு செய்த கம்பெனிக்குத் தேவை வேறு. புதிதாகப் பிடித்த நிலத்தில் படை நடத்தவும், வரி வசூலிக்கவும், ஆளவும் வரைபடம் வேண்டும். வரைபடம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் நாடு.

உழைத்தவர்கள் பட்டியலும் முழுமையாக இல்லை. மெட்ராஸில் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளியில் படித்த இளைஞர்கள்தான் லாம்டனுக்கு வலது கை. அதில் ஜோஷுவா டி பென்னிங் மாதிரி சிலரின் பெயர் வரலாற்றில் நின்றது. ஆனால் கொடி பிடித்தவர்கள், சங்கிலி தூக்கியவர்கள், அரை டன் கருவியைத் தோளில் சுமந்து குன்று ஏறியவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் பெயர்கள் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. முக்கோணங்களின் ஒவ்வொரு முனையிலும் ஒரு கொடி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வெயிலில் நின்றார்.

கடைசி முகாம்

1818-ல் இந்தப் பணிக்கு மாபெரும் முக்கோணவியல் அளவை என்ற பெயர் வந்தது. அதே ஆண்டு உதவியாளராக ஒருவர் நியமிக்கப்பட்டார். பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

எழுபது வயதை ஒட்டிய லாம்டன் ஓய்வெடுக்கவில்லை. அடுத்த முகாமை நோக்கி நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். அதுவரை அவர் குழு அளந்த பரப்பு சுமார் 1,65,000 சதுர மைல்.

எவரெஸ்ட் அந்தக் கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். கன்னியாகுமரிப் பக்கத்தில் இருந்து சுமார் 2,400 கி.மீ. அந்தக் கணக்கின் தொடர்ச்சியாகத்தான் 1852-ல் ராதாநாத் சிக்தர் உலகின் மிக உயரமான சிகரத்தைக் கண்டறிந்தார். 1865-ல் அதற்கு எவரெஸ்ட் பெயர் வைக்கப்பட்டது. தொடங்கியவர் பெயரில் சிகரம் எதுவும் இல்லை.

திருச்சியில் நீங்களே செய்து பார்க்கலாம்

லாம்டனின் முறையைப் புரிந்துகொள்ள திருச்சியைவிட நல்ல ஊர் கிடையாது. மலைக்கோட்டைப் பாறை சுமார் 83 மீட்டர் உயரம். நானூறுக்கும் மேற்பட்ட படி ஏறி உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்குப் போனால் நாலாபக்கமும் திறந்த காட்சி. வடக்கே, கொஞ்சம் மேற்காக ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். வடக்கே, கொஞ்சம் கிழக்காகத் திருவானைக்காவல். தென்கிழக்கே பொன்மலை.

ஒரு சுவாரசியம்: லாம்டன் காலத்தில் இங்கே நின்றிருந்தால் இந்த ராஜகோபுரத்தைப் பார்த்திருக்க முடியாது. அப்போது அது பாதியில் நின்ற மொட்டைக் கோபுரம். 236 அடி, 13 நிலைகளோடு முடிந்தது 1987-ல்தான்.

இப்போது கீழே இறங்கி, ஊருக்குள் எங்காவது, இரண்டு அடையாளங்கள் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். போன் மேப்பை மூடிவிட்டு காம்பஸ் ஆப்பை மட்டும் திறங்கள். முதல் அடையாளம் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று குறியுங்கள். இரண்டாவதையும் குறியுங்கள். அச்சிட்ட மேப்பில் அந்த இரண்டு இடங்களில் இருந்தும் உங்களை நோக்கிக் கோடு இழுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். ஓரியன்டீரிங் ஆடுபவர்கள் வழி தவறும்போது செய்வது இதைத்தான்.

இரண்டு எச்சரிக்கை. இரும்புக் கம்பி, வண்டி பக்கத்தில் காம்பஸ் பொய் சொல்லும். அதோடு, அடையாளங்களை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். காவிரிப் பாலத்தில் நின்றால் மலைக்கோட்டையும் ராஜகோபுரமும் கிட்டத்தட்ட எதிரெதிரே வரும். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழும். வெட்டும் புள்ளி தெளிவாகக் கிடைக்காது. அங்கே ராஜகோபுரத்தை விட்டுவிட்டு, மலைக்கோட்டையோடு திருவானைக்காவல் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகள் வெட்டும் கோணம் செங்கோணத்தை நெருங்க நெருங்க விடை கூர்மையாகும். டெல்டாவில் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கிய லாம்டன் குழு தேடியதும் அப்படிப்பட்ட கோணங்களைத்தான்.