கடலுக்குள் ஒரு விண்வெளி

விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆர்தர் சி. கிளார்க் ஒருமுறைகூட விண்வெளிக்குச் சென்றதில்லை. அங்கே மனித உடல் எடையற்று மிதக்கும். அந்த அனுபவத்தைப் பூமியிலேயே பெற அவர் கண்ட வழிதான் முக்குளிப்பு.

1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மைன்ஹெட் எனும் கடலோர ஊரில் பிறந்த கிளார்க், இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையின் ரேடார் பிரிவில் பணியாற்றினார். ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் துணைக்கோள்களை நிறுத்தினால் உலகெங்கும் தகவல் அனுப்பலாம் என 1945ஆம் ஆண்டிலேயே எழுதினார். அப்போது ஒரு துணைக்கோள்கூட ஏவப்பட்டிருக்கவில்லை!

1954ஆம் ஆண்டின் இறுதியில், நண்பர் மைக் வில்சனுடன் முக்குளிக்க ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குக் கப்பலேறினார். அங்குள்ள மென்பவளங்களுக்குக் கல் போன்ற கூடு இல்லை. நீரோட்டத்திற்கேற்ப அவை அசைந்தாடும். செடிகளைப் போலத் தோன்றினாலும், அவை எண்ணற்ற சிற்றுயிர்கள் சேர்ந்து வாழும் கூட்டங்களே. பினாங்குக்கு வடக்கேயுள்ள பாயார் தீவின் கடலடியிலும் இவற்றைக் காணலாம்.

அப்பயணத்தின் வழியில் கொழும்பில் கழித்த அரை நாள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1956ஆம் ஆண்டு இலங்கையிலேயே குடியேறினார். திருகோணமலையில், கோணேசர் கோயில் நிற்கும் பாறையின் அடியில் அவரும் வில்சனும் முக்குளித்தபோது, செதுக்கிய கல்தூண்கள் கிடப்பதைக் கண்டனர். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் எச்சங்கள் அவை. தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த செய்திக்குக் கடலே சாட்சியானது.

1962ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது. திடீரென உடல் செயலிழந்து, கிளார்க் படுத்த படுக்கையானார். இளம்பிள்ளைவாதமே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. மெல்லத் தேறினாலும் பழைய வலிமை திரும்பவில்லை. இருப்பினும், அடுத்த ஆண்டே, இலங்கையின் தென்கடலில் வெள்ளி நாணயங்களுடன் மூழ்கிய கப்பலை ஆராயச் சென்ற குழுவில் இணைந்தார். நிலத்தில் தளர்ந்த உடலை நீர் தாங்கிக்கொண்டது. முதுமையில் சக்கர நாற்காலியை நம்பி வாழ்ந்தபோதும், நீருக்குள் தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே அவர் கருதினார்.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கையும் தாக்கிய அதே ஆழிப்பேரலை, இக்கடுவையில் இருந்த அவரது முக்குளிப்பு நிலையத்தை அழித்தது. அப்போது அவருக்கு வயது 87. 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் அவர் கொழும்பில் காலமானார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.