மேல்மாடத்தாரின் தோழி

இலண்டன் மாநகரிலே, தேம்சு நதியின் தென்கரையில், வோட்டர்லூ வீதியின்கண் பழைய நாடகக் கொட்டகை ஒன்றுண்டு. 1818ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற அக்கொட்டகை காலப்போக்கிற் குடியரும் கலகக்காரரும் கூடும் இடமாய் இழிந்தது. எம்மா கோன்ஸ் என்னும் சமூகத் தொண்டர் 1880இல் அதனைப் பொறுப்பேற்று, மதுவை விலக்கிக் கோப்பி வழங்கி, தொழிலாளர் தம் மனைவி மக்களோடு வந்திருந்து கேட்கத்தக்க இசையரங்குகளை நடத்துவித்தார். 'ஓல்ட் விக்' என்பது அயலார் அதற்கு இட்ட செல்லப் பெயர். அப்பெயரை உலகறியச் செய்தவர், எம்மாவின் உடன்பிறந்தாள் மகளாகிய லிலியன் பேலிஸ் அம்மையார்.

1874இற் பிறந்த இவர், இசைவாணராகிய பெற்றோருடன் இளமையிலேயே மேடையேறியவர். 1891இற் குடும்பத்தோடு தென்னாபிரிக்கா சென்று, அங்கே இசை கற்பித்து, 1897இல் இலண்டன் மீண்டு பெரியதாயாருக்குத் துணையாயினார். 1912இல் எம்மா காலமாகவே, கொட்டகையும் அதன் வறுமையும் முழுவதும் இவர் பொறுப்பாயின. 1914இற் செகப்பிரியர் நாடகங்களை நடத்தத் தொடங்கி, உலகப்போரின் குண்டுவீச்சுக்கிடையிலும் நிறுத்தாது, 1923ஆம் ஆண்டளவில் முதற்றொகுதியில் அடங்கிய 36 நாடகங்களையும் மேடையேற்றி முடித்தார்.

பணமும் புகழும் இல்லாத கொட்டகைக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது? மேல்மாடத்திலிருந்து வந்தது என்பதே விடை. சில பென்சு கொடுத்து மரப்பலகையிலே நெருங்கியிருந்து, ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பக் கண்டு களிக்கும் எளியோரைத் தம் சொந்த மக்களாகவே அம்மையார் கருதினார். திரையின் முன் வந்து நின்று அவர்களோடு வீட்டார்போற் பேசுவார். கொட்டகையின் கடனை ஒளியாமற் கூறிப் பொருள் கேட்பார். கூட்டம் குறைந்தால் வந்திருப்போரையே கடிந்துகொள்வார். வராதவர் செய்த பிழைக்கு வந்தவரை வைவது எவ்வகை நியாயம் என்று நாம் கேட்கலாம். அவர்கள் கேட்டிலர். தாயின் கடுமொழிபோல் ஏற்று மறுவாரமும் வந்தனர்.

மேடையோரத்திலே வாயு அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவதும் அவர் வழக்கம். நாடகத்தின் உருக்கமான கட்டத்திலே அம்மணம் அரங்கெங்கும் பரவும். சைவ உணவினராகிய நாம் அதனை வியத்தற்கில்லை. ஆயினும், தாம் வந்திருப்பது ஒரு வீட்டுக்கு என்னும் எண்ணத்தை அது அவையோர்க்கு அளித்ததென்பதை மறுத்தல் இயலாது.

1923இல் நடிகரையும் இரசிகரையும் ஒருங்கு பிணைக்கும் சங்கம் ஒன்றும் அமைந்தது. நேற்று மன்னனாய்த் தோன்றிய நடிகரோடு இன்று ஒரு கடைச்சிற்றாள் அளவளாவினாள். இவையனைத்தையும் வாணிகத் தந்திரம் என்று கொள்வார் உளராயின், அவர் அம்மையாரை அறியாதவர். நடிகர்க்கு அவர் கொடுத்த ஊதியம் மிகச் சிறிது, அது குறையே. ஆனால், மேல்மாடத்தாரின் கட்டணம் உயராதிருத்தற்கென்றே அவ்வாறு இறுக்கிப் பிடித்தார்.

1931 சனவரி 6இல், நகரின் வடபாலுள்ள சட்லர்ஸ் வெல்ஸ் அரங்கையும் புதுக்கித் திறந்தார். அங்கே ஒரு தவறு நேர்ந்தது. நாடகமும் இசைநாடகமும் இரு அரங்குகளிலும் மாறி மாறி நடக்குமாறு வகுத்தார். செலவு பெருகியதன்றி மக்களும் குழம்பினர். தென்கரையார் தம் நாடகத்தைத் தேடி ஆறு கடந்து வடக்கே செல்ல விரும்பிலர். அவர்தம் அன்பு நாடகத்தின் மீது மட்டுமன்று, தாம் பழகிய பலகையின் மீதும் இருந்தது. இதனை யாரினும் நன்கறிந்திருக்கவேண்டிய அம்மையார் பட்டே அறிந்தார். சில ஆண்டுகளுள் நாடகம் ஓல்ட் விக்கிலும், இசைநாடகமும் பலே நடனமும் சட்லர்ஸ் வெல்சிலும் நிலைபெற்றன. அந்நடனக் குழுவே 1956இல் அரச நடனக் குழுவாயிற்று. 1963இல் இங்கிலாந்தின் தேசிய நாடகக் குழு தன் முதல் நாடகத்தை நடத்தியதும் ஓல்ட் விக்கிலேதான்.

1937 நவம்பர் 25இல் அம்மையார் காலமானார். மறுநாள் ஓல்ட் விக்கிலே மக்பெத் அரங்கேறவிருந்தது. நாடகம் நிறுத்தப்படவில்லை, மேல்மாடத்தாரும் வந்திருந்தனர்.