ராட்டை சுற்றிய ராஜாஜி

1947-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி. லண்டன் மாநகரில் ஒரு கல்யாணம். மணமகள் இளவரசி எலிசபெத். மணமகன் பிலிப்.

உலகின் பல மூலைகளிலிருந்தும் பரிசுகள் வந்து குவிந்தன. ஏறத்தாழ 2,500 பரிசுகள்! ஐதராபாத் நிஜாம் வைர நெக்லஸ் கொடுத்தார்.

அந்த வைரத்துக்கும் தங்கத்துக்கும் நடுவே ஒரு சின்னப் பருத்தித் துணி இருந்தது. கையால் பின்னிய துணி. அதன் நடுவில் ஜெய் ஹிந்த் என்ற எழுத்துக்கள்.

அனுப்பியவர் காந்தி அடிகள். அவர் தம் உடைமைகளை எல்லாம் எப்போதோ துறந்து விட்டார். கொடுப்பதற்குக் கையில் பொருள் ஏதும் இல்லை. கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் ஒரு யோசனை சொன்னார். கைராட்டை இருக்கிறது, நூல் நூற்று அதில் ஒரு துணி செய்து கொடுக்கலாம் என்பதே அந்த யோசனை. காந்தி தம் கையால் நூல் நூற்றார். அதை இரட்டை நூலாக்கி, ஒரு பஞ்சாபிப் பெண் பின்னிக் கொடுத்தாள்.

இளவரசியின் பாட்டியார் மேரி மகாராணி அந்தத் துணியைப் பார்த்தார். காந்தி இடுப்பில் கட்டும் துணியையே அனுப்பிவிட்டார் என்று எண்ணி முகம் சுளித்தார். ஆனால் இளவரசி அதைப் பத்திரப்படுத்தி வைத்தார்.

அந்தக் கல்யாணத்துக்காக மவுண்ட்பேட்டன் லண்டன் போனார். அவர் திரும்பும் வரை, சுமார் இரண்டு வாரம், டெல்லியில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு தமிழர். கதர் வேட்டி, கதர் சட்டை, கறுப்புக் கண்ணாடி. அப்போது மேற்கு வங்காளக் கவர்னராக இருந்தவர்.

அவர்தான் ராஜாஜி.

ஓசூர்ப் பையன்

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். அன்று சேலம் ஜில்லா. மைசூர்ச் சீமையின் எல்லை பக்கத்தில். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர்ப் பக்கம் அது.

அங்கே 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ராஜகோபாலாச்சாரி பிறந்தார். தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்யா ஐயங்கார், அந்தக் கிராமத்தின் முன்சீப். தாயார் சிங்காரம்மா. மூன்று ஆண் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி.

ஓசூரில் பள்ளிப் படிப்பு. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ. பட்டம். பிறகு சென்னையில் சட்டப் படிப்பு.

1900-ம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். கூர்மையான புத்தி. கோர்ட்டில் நல்ல பெயர். வருமானம் பெருகியது. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவர் ஆனார்.

மனைவி பெயர் அலமேலு மங்கம்மாள். மூன்று ஆண், இரண்டு பெண், ஆக ஐந்து குழந்தைகள். குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும்போதே அந்த அம்மாள் இறந்து போனார். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

வக்கீல் கதர் கட்டினார்

1919-ம் ஆண்டு மார்ச் மாதம் காந்தி சென்னைக்கு வந்தார். ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடை அடைப்பு நடத்தவேண்டும் என்ற எண்ணம் காந்திக்கு உதித்தது அந்த வீட்டில்தான்.

1920-ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. ராஜாஜி வக்கீல் தொழிலை உதறினார். கதர் உடுத்தினார். 1921 டிசம்பரில் கைதாகி, வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் இருந்தார்.

கதர் என்பது அன்று வெறும் உடை அல்ல. நம் ஊர்ப் பருத்தி கப்பல் ஏறிச் சீமைக்குப் போனது. அங்கே துணியாகித் திரும்பி வந்து இங்கே விற்றது. நூற்றவர்களும் நெய்தவர்களும் பிழைப்பு இழந்தார்கள். வீட்டிலேயே நூல் நூற்றால் அந்தக் கூலி ஊரிலேயே தங்கும். இதுதான் கதரின் கணக்கு.

அந்தக் கணக்கைக் காங்கிரஸ் தன் சந்தாவிலேயே காட்டியது. 1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ் ஒரு விதி செய்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் கொடுக்க வேண்டும். காசுக்குப் பதில் கைநூல்! தம்மால் முடியவில்லை என்று பலர் முணுமுணுத்தார்கள். மறு ஆண்டே அந்த விதி தளர்த்தப்பட்டது.

ராஜாஜி முணுமுணுக்கவில்லை. நூல் நூற்கும் ஊரைத் தேடிப் புறப்பட்டார்.

புதுப்பாளையம் குடிசைகள்

திருச்செங்கோடு தாலுகாவில் புதுப்பாளையம் என்பது ஒரு வறண்ட கிராமம். மழை பொய்த்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கஞ்சி இல்லை.

1925-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி அங்கே காந்தி ஆசிரமம் தொடங்கியது. திறந்து வைத்தவர் ஈ.வெ.ராமசாமி. பெரியார் என்று பிற்காலத்தில் நாடு அழைத்தது அவரைத்தான்.

சேலத்தில் வசதியாக வாழ்ந்த வக்கீல், மகன் நரசிம்மனையும் மகள் லட்சுமியையும் அழைத்துக்கொண்டு அங்கே குடிசைக்குக் குடிபோனார்.

ஆசிரமத்து வேலை இதுதான். ஊர்ப் பெண்களுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். பெண்கள் வீட்டு வேலை முடிந்த நேரத்தில் ராட்டை சுற்றுவார்கள். குறித்த நாளில் நூலைச் சிட்டமாகக் கட்டிக் கொண்டு வருவார்கள். நூல் மெல்லியதா, தடித்ததா, முறுக்குச் சரியா என்று பார்த்து எடை போடுவார்கள். உடனே கூலி. மறுபடியும் பஞ்சு. அந்த நூல் நெசவாளர் வீட்டுக்குப் போகும். அவர் கையில் துணி ஆகும்.

பஞ்சம் வந்த காலத்தில் அந்தச் சில அணாக்கள்தான் பல வீடுகளில் உலை வைத்தன.

ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்டவர்களும் மற்றவர்களும் சமமாக இருந்தார்கள். ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது. ராஜாஜி அசையவில்லை.

அங்கிருந்தே 1929-ல் விமோசனம் என்ற மதுவிலக்குப் பத்திரிகை வெளிவந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக இருந்தவர் கல்கி.

தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு

ராட்டையைப் போற்றியவர்கள் எல்லா இயந்திரங்களையும் வெறுத்தார்கள் என்று நினைக்கக் கூடாது.

காந்தி ஓர் இயந்திரத்தை மனம்விட்டுப் பாராட்டினார். அது சிங்கர் தையல் மெஷின். மனைவி கண் நோகக் கையால் தைப்பதைக் கண்டு மனம் இரங்கிய கணவன் செய்த மெஷின் அது என்று அவர் நம்பினார். ஒரு பெண்ணின் உழைப்பைக் குறைக்கும் மெஷின் வேண்டும். ஊர் உழைப்பைப் பறிக்கும் மெஷின் வேண்டாம். 1924-ல் அவர் சொன்ன கருத்தின் சாரம் இதுதான்.

வீட்டில் நூற்ற நூல், ஊரில் நெய்த துணி, வீட்டு மெஷினில் தைத்த சட்டை. கதர்க் குடும்பங்களில் இப்படிச் செய்த பொருள்தான் உயர்ந்த பரிசாக இருந்தது. 1942-ல் நேருவின் மகள் இந்திராவுக்குக் கல்யாணம் நடந்தது. மணப்பெண் உடுத்திய இளஞ்சிவப்புச் சேலை, நேரு சிறையில் நூற்ற நூலால் நெய்தது. மகளைப் பிரிந்து சிறையில் இருந்த தந்தை, அந்த நாட்களையே நூலாக்கிக் கொடுத்தார்.

காத்திருந்த கல்யாணம்

ராஜாஜியின் வீட்டிலும் ஒரு கல்யாணம் நடந்தது. மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாசும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். சாதி வேறு. மொழி வேறு. தந்தையர் இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஆனாலும் உடனே தலையாட்டவில்லை. ஐந்து ஆண்டுகள் பிரிந்து இருக்க வேண்டும். அதன் பிறகும் அன்பு மாறாவிட்டால் மணம் செய்யலாம் என்றார்கள்.

அன்பு மாறவில்லை. 1933-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி பூனாவில் கல்யாணம் நடந்தது. காந்தியும் ராஜாஜியும் சம்பந்திகள் ஆனார்கள்.

கைத்தறிக்கு வாதாடினார்

1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடத்திச் சிறை சென்றவர், 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர் அவரே. கடைசிக் கவர்னர் ஜெனரலும் அவரே.

1952-ல் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார். கைத்தறி நெசவாளர்கள் அப்போது பெரும் துன்பத்தில் இருந்தார்கள். நெய்த துணி தேங்கிக் கிடந்தது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே விடப்பட வேண்டும், மில்கள் அவற்றை நெய்யக் கூடாது என்று மத்திய சர்க்காரிடம் அவர் வாதாடினார். அவர் கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் மில் துணிக்கு வரி விதித்து, அந்தப் பணத்தால் கதருக்கும் கைத்தறிக்கும் உதவ 1953-ல் சட்டம் வந்தது.

அரை நாள் பள்ளிக்கூடம்

அதே 1953-ல் அவர் இன்னொரு திட்டம் கொண்டு வந்தார். அதுவே அவர் பதவிக்கு வினையாக முடிந்தது.

கிராமங்களில் பள்ளிக்கூடம் போதவில்லை. வாத்தியார் போதவில்லை. ஒரே பள்ளியில் காலை ஒரு கூட்டம், மாலை ஒரு கூட்டம் என்று பிள்ளைகள் படிக்கட்டும் என்றார். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரப் படிப்பு. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம்.

கைத்தொழிலில் அவருக்கு இருந்த பக்தி பழையது. புதுப்பாளையத்தில் அவரே ராட்டை சுற்றியவர். ஆனால் நாடு இதை வேறு விதமாகப் பார்த்தது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா? துணி வெளுப்பவர் மகள் துணிதான் வெளுக்க வேண்டுமா? குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆசிரமத்தைத் திறந்து வைத்த பெரியாரே எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். தி.மு.கழகம் மறியல் செய்தது. காங்கிரசுக்குள்ளும் புகைச்சல்.

1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதல்-மந்திரி ஆனார். திட்டம் கைவிடப்பட்டது.

ராஜாஜி தொழிலை இழிவாக நினைத்து இதைச் செய்யவில்லை. தொழில் உயர்ந்தது என்று நினைத்தே செய்தார். ஆனால் சேலத்து வக்கீல் ராட்டையைத் தாமே தேர்ந்து எடுத்தார். வேண்டாம் என்றால் விட்டுவிடவும் அவரால் முடியும். கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. மனம் விரும்பிச் செய்யும் கைவேலை பெருமை. பிறப்பைப் பார்த்துச் சுமத்தும் கைவேலை பாரம். இந்த வேறுபாட்டை அன்று நாடு அவருக்கு எடுத்துச் சொன்னது.

கடைசி வரை கதர்

1954-ல் முதன்முதலாகப் பாரத ரத்னா பட்டம் பெற்ற மூவரில் ராஜாஜி ஒருவர். அவர் எழுதிய சக்கரவர்த்தித் திருமகன் 1958-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962-ல், 83-வது வயதில், அமெரிக்கா சென்றார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு கென்னடியிடம் வாதாடினார். அப்போதும் உடுத்தியிருந்தது வேட்டிதான்.

1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 94.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். ஓசூர் இப்போது பெரிய தொழில் நகரம். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் அங்கே உருவாகின்றன. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். தாய் செய்த வேலையைத்தான் மகளும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அது நல்லதே.

ஆனாலும் ஷிப்டு முடிந்து வந்து, குழந்தையின் பிறந்த நாளுக்குத் தன் கையாலேயே ஒரு சட்டை தைக்கும் தாய் இன்றும் உண்டு. கடையில் அதைவிட நல்ல சட்டை கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தைக்கிறாள். அந்தச் சட்டையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

லண்டன் போன அந்தப் பருத்தித் துணியும் அப்படித்தான். எலிசபெத் ராணி ஆனார். முதுமை அடைந்தார். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2015-லும் 2018-லும் லண்டன் சென்றார். அந்தச் சந்திப்புகளில் ஒன்றின்போது, ராணி தம் கல்யாணப் பரிசு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

காட்டியது வைரம் அல்ல. காந்தி நூற்ற நூல்.