மூணு கறுப்பு வெள்ளை, ஒரு கலர்

ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி ஒரு செட்டிங்ஸ் பக்கம் வருமே, டிபிஐ, கலர் மோடு, பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்னு. அதை நின்னு படிச்சிருக்கீங்களா? முக்கால்வாசிப் பேர் ஓகே அடிச்சுட்டுப் போயிடுவோம். ஆனா ஒரு மனிதரோட வாழ்நாள் உழைப்பு இன்னைக்கு நம்ம கண்ணுக்குக் கலரா தெரியுதுன்னா, அந்தப் பக்கத்துல ஒருத்தர் கவனமா வேலை பார்த்ததும் ஒரு காரணம். அந்த மனிதர் பேர் செர்கேய் புரோக்குதின் கோர்ஸ்கி.

1863இல் ரஷ்யாவில் பிறந்தவர். வேதியியலில் ஆர்வம். 1902இல் பெர்லின் போய், அடால்ஃப் மீத்தே என்ற பேராசிரியரிடம் கலர் போட்டோகிராஃபி கத்துக்கிட்டார். அந்த முறை இப்படித்தான்: ஒரே காட்சியை நீலம், பச்சை, சிவப்பு ஃபில்டர் வழியா மூணு தடவை, ஒரே நீளமான கண்ணாடித் தகட்டில் கறுப்பு வெள்ளையா எடுக்கணும். அப்புறம் மூணையும் அந்தந்த நிற வெளிச்சத்தில் திரையில் ஒண்ணுமேல ஒண்ணு விழ வெச்சா, கலர் வந்துடும். தகட்டில் மேலிருந்து கீழே வரிசை நீலம், பச்சை, சிவப்பு. ஓபன்சிவி லேப் முடிச்சவங்களுக்கு இது எங்கேயோ பார்த்த வரிசை!

1908இல் டால்ஸ்டாயைக் கலரில் எடுத்தார். அடுத்த வருஷம் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் அவருக்கு ஒரு ரயில் பெட்டியையே டார்க்ரூமா மாத்திக் கொடுத்தார். 1915 வரைக்கும் ஆறு, கோயில், கிராமம், புகாராவின் அமீர் என்று ரஷ்யப் பேரரசையே சுத்திச் சுத்திப் படம் பிடிச்சார். புரட்சிக்குப் பிறகு 1918இல் நாட்டை விட்டே கிளம்பினார். 1944இல் பாரிசில் இறந்தார். 1948இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சுமார் 1,900 தகடுகளை அவர் குடும்பத்திடமிருந்து வாங்கியது.

2000இல் அந்தத் தகடுகளை ஸ்கேன் செய்தார்கள், கிரேஸ்கேல் மோடில். இங்கேதான் விஷயம். 'பிளாக் அண்ட் ஒயிட்' மோடு வெச்சிருந்தா ஒவ்வொரு பிக்சலும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். நடுவில் இருக்கிற சாம்பல் அளவுகளில்தான் அவர் கலர் ஒளிஞ்சிருந்தது. கான்ட்ராஸ்டை ஏகத்துக்கும் ஏத்தியிருந்தாலும் இருட்டான பகுதி மொத்தக் கறுப்பாயிடும், வெளிச்சமான பகுதி வெளுத்துடும். அப்படி ஸ்கேனில் போன விவரத்தை எந்த சாஃப்ட்வேராலும் அந்த ஃபைலில் இருந்து திரும்ப எடுக்க முடியாது.

அந்தப் படங்களை நெட்டில் தேடிப் பாருங்க. ஓடுற தண்ணியில் மட்டும் வானவில் மாதிரி நிறம் சிதறியிருக்கும். மூணு ஷாட்டுக்கு நடுவில் தண்ணி நகர்ந்துடுச்சு, அதான்.

உங்க தாத்தாவோட பழைய போட்டோ கறுப்பு வெள்ளையா இருந்தாலும் கிரேஸ்கேலிலோ கலரிலோ வையுங்க. சின்ன போட்டோன்னா 600 டிபிஐ, மார்க்‌ஷீட்டுக்கு 300 போதும். ஆட்டோ கரெக்‌ஷனை ஆஃப் பண்ணிட்டு ஒரு ஒரிஜினல் ஃபைல் எடுத்து வெச்சுக்குங்க. பிரைட்னஸ் விளையாட்டெல்லாம் காப்பியில்!