சாமி மேடையில் ரவி வர்மா: பழைய படத்தின் பூர்வீகம் தேடுவோருக்கு

தோட்ட வீடுகள் காலியாகும்போதும், பழைய குடும்பங்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயரும்போதும் சாமி படங்கள் கைமாறுகின்றன. சில கோயில் மரத்தடிக்குப் போகின்றன. சில பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. கனத்த மரச்சட்டம், மங்கிய கண்ணாடி, உள்ளே தாமரை மேல் நிற்கும் லட்சுமி, அடியில் ரவி வர்மாவின் பெயர். வாங்கியவருக்கு எழும் முதல் கேள்வி, இது அவர் கையால் வரைந்ததா என்பதுதான். விடை அவருடைய வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது.

ராஜா ரவி வர்மா 1848 ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தார். தஞ்சாவூர் பாணியில் வரையத் தெரிந்த தாய்மாமனே முதல் ஆசான். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மன்னர் ஆயில்யம் திருநாள் ஆதரித்தார்.

ஆனால், எண்ணெய் வண்ணத்தைக் கையாளக் கற்றுத் தர அங்கே யாரும் முன்வரவில்லை. அரண்மனை ஓவியராக இருந்த ராமசாமி நாயக்கர் என்ற தமிழர், போட்டியாக வந்துவிடுவான் என அஞ்சி மறுத்தார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக் கொடுத்தார் என்றும் கூறப்படுகிறது. 1868இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும், தாம் வரைவதை அருகில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார். பார்த்தும் பழகியுமே அவர் தேறினார்.

1873இல் வியன்னா கண்காட்சியில் அவருடைய ஓவியம் பரிசு பெற்றது. அடுத்து, தந்தி வாத்தியம் மீட்டும் தமிழ்ப் பெண்ணை வரைந்த ஓவியம் சென்னையில் பதக்கம் வென்று, 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகச் சென்றது. பரோடா மன்னருக்காக 14 புராண ஓவியங்களை வரைந்தார். தம்பி சி. ராஜ ராஜ வர்மாவுடன் இந்தியா முழுவதும் சுற்றி, மக்களின் உடையையும் அணிகலன்களையும் கவனித்தார். அவருடைய தேவியர் நம் வீட்டுப் பெண்களைப் போலச் சேலை உடுத்தி நிற்பதற்கு அந்தப் பயணங்களும் ஒரு காரணம்.

அரண்மனைச் சுவரில் தொங்கும் ஓவியத்தை எத்தனை பேர் பார்க்க முடியும்? படங்களை அச்சிட்டால் எல்லாரையும் சென்றடையும் என்று திவான் மாதவராவ் யோசனை சொல்லியிருந்தார். 1894இல் ரவி வர்மா பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் வந்தனர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அது. கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதவர்களும் சாமியைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக் கும்பிட அந்தப் படங்கள் வழி திறந்தன.

தொழில் அவருக்கு லாபம் தரவில்லை. 1899இல் அச்சகம் லோணாவ்ளா அருகேயுள்ள மளவ்லிக்கு மாறியது. கடன் ஏறியது. சில ஆண்டுகளில் அங்கே பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியருக்கு அதை விற்றுவிட்டார். 1905இல் தம்பி காலமானார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் ரவி வர்மாவும் 58ஆம் வயதில் மறைந்தார். அச்சகமோ பல பத்தாண்டுகள் அவர் பெயரிலேயே ஓடி, 1972இல் தீக்கிரையானது.

ஆகவே, உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அச்சுப் படமாகவே இருக்கும். அவர் மறைந்த பிறகு அச்சானதாகவும் இருக்கலாம்; பிற அச்சகங்கள் எடுத்த நகலாகவும் இருக்கலாம். முதலில் அடி ஓரத்தில் உள்ள சிறு எழுத்துகளைப் பாருங்கள். லோணாவ்ளா என்று ஊர்ப் பெயர் இருந்தால், அது 1899க்கு முன் அச்சானதல்ல. பூதக்கண்ணாடியில் வண்ணம் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சுப் படம். தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் ஓவியம் போலத் தோன்றுவதற்காகச் சில அச்சுப் படங்களுக்கு வார்னிஷ் பூசினார்கள். சட்டத்தையும் நீங்களே பிரிக்க வேண்டாம். பழைய காகிதம் நொறுங்கிவிடும்.

அசல் ஓவியங்கள் இன்று கோடிகளில் விலை போகின்றன. அவருடைய படைப்புகளை இந்தியா 1979இல் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லவும் முடியாது. அச்சுப் படத்துக்கு அந்த விலை கிடைக்காது. ஆனால், எளியவர் வீட்டுக்கும் தம் படம் போக வேண்டும் என்று அவர் கடன்பட்டு நடத்திய தொழிலில் பிறந்தது அதுதான். பாட்டி விளக்கேற்றிக் கும்பிட்ட படத்தை மரத்தடியில் விட்டு வருமுன், அதன் அடி ஓரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். யார் வாங்கியது, எந்தத் தோட்டத்தில் மாட்டியிருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வைத்துவிடுங்கள். அந்த விவரத்தை எந்தப் பூதக்கண்ணாடியும் காட்டாது.