தாதியரின் தாய் புளோரன்ஸ் நைற்றிங்கேல்

தாதிப் பயிற்சி பெறும் பிள்ளைகள் கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுப்பதை வாசகர் பலர் கண்டிருப்பர். தீங்கு செய்யும் மருந்தை அறிந்துகொண்டு எவருக்கும் கொடுக்கமாட்டேன் என்பது நைற்றிங்கேல் உறுதிமொழியின் ஓர் அம்சம். அதை எழுதியவர் நைற்றிங்கேல் அம்மையார் அல்லர். 1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிற்றோயிற் நகரில் அவர் பெயரால் ஆக்கப்பட்டது அது. ஆயினும் அவருடைய வாழ்வை அறிந்தவர்களுக்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ந் திகதி, இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில், செல்வந்த ஆங்கிலப் பெற்றோருக்கு அவர் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளைக்கும் ஆயிற்று. பதினாறு வயதில் இறைவன் தம்மை ஏதோ ஒரு பணிக்கு அழைப்பதாக உணர்ந்தார். அது நோயாளர் பணியே எனத் தெளிந்து வீட்டில் சொன்னபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அக்காலத்தில் தாதியர் என்றால் படிப்பில்லாதவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்ற பெயர் இருந்தது. ஆகவே தாயாரைக் குறைகூறுவதற்கும் இல்லை. 1851இல்தான் ஜேர்மனியில் கைசர்ஸ்வேர்த் என்னுமிடத்தில் சில மாதம் பயிற்சி பெற முடிந்தது.

கிறீமியா யுத்தம் மூண்டது. 1854 நவம்பர் 4ந் திகதி, 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார். அவர்களுள் பத்துப்பேர் கத்தோலிக்கக் கன்னியர். பேர்மன்சி இரக்கத்தின் கன்னியர் மடத் தலைவி மதர் கிளேயர் மூர் அவர்களுள் ஒருவர். தலைமைப் பொறுப்புக்குத் தம்மிலும் தகுதி வாய்ந்தவர் அவரே என்று புரட்டஸ்தாந்தரான நைற்றிங்கேல் பின்னர் அவருக்கே எழுதினார். மதர் கிளேயர் 1874இல் இறக்கும்வரை அந்த நட்பு குறையவில்லை.

இராணுவ வைத்தியர்கள் பெண்களை விரும்பி வரவேற்கவில்லை. அம்மையார் சண்டையிடவில்லை. வைத்தியர் அழைக்கும்வரை எந்தத் தாதியும் வாட்டுக்குள் போகக்கூடாது என்றார். வைத்தியரின் கட்டளையின்றி நோயாளிக்கு உணவுகூடக் கொடுக்கக்கூடாது என்றார். இரக்கப்பட்டுக் கொடுத்ததும் ஆளைக் கொல்லலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரவில் விளக்கோடு அவர் நடந்த கதையை எல்லாரும் அறிவர். அந்த முதல் மாரிகாலத்தில் அவ்வைத்தியசாலையில் மரணம் குறையவில்லை, கூடியது என்பதை அறிந்தவர் சிலரே. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கட்டடத்தின் கீழ் அடைபட்டுக் கிடந்த கழிவு வாய்க்கால்களைத் துப்புரவாக்கியது. நீர் வரும் வழியையும் சுத்தஞ் செய்தது. யூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு 2 ஆயிற்று.

பட்டினியும் களைப்புமே போர்வீரரைக் கொன்றன என்று அவர் முதலில் எண்ணியிருந்தார். நாடு திரும்பியபின், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் என்பவருடன் கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. தாம் விளக்கோடு நடந்த அந்தக் கட்டடமே கொன்றிருக்கிறது! நாடே போற்றிய வேளையில் அதை மூடிவைப்பது எளிது. அவரோ 1858இல் வண்ணப் படங்கள் வரைந்து அக்கணக்கை ஆட்சியாளர் முன் வைத்தார். வைத்தியசாலையின் முதற்கடமை நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தல் என்று பின்னர் அவர் எழுதியது அந்த அனுபவத்திலிருந்துதான் என்பது எம் எண்ணம்.

1859இல் வெளிவந்த தாதியம் பற்றிய சிறு நூலில் மருந்தைப் பற்றியும் கண்டிப்பாக எழுதினார். பாதரசம் கலந்த நீலக் குளிசையை வைத்தியர் ஒருமுறை எழுதிக் கொடுத்தால், அதையே பேதி மருந்தாக வாரம் இரண்டு மூன்று தடவை விழுங்கும் சீமாட்டிகளைச் சாடினார். தமக்கு எழுதிய மருந்துத் துண்டை அயலவருக்குக் கொடுப்பவர்களையும் விடவில்லை. (எங்கள் வீடுகளிலும் இது அறியாத வழக்கமல்லவே.) தாதி தான் நிற்கும்போது நடப்பது, தான் இல்லாத நேரத்திலும் அப்படியே நடக்க ஒழுங்கு செய்யவேண்டும் என்பதும் அந்நூலில் உண்டு. வேளை மாறும்போது மருந்து தவறாதிருக்க வேறு வழி ஏது?

1860இல், மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு, இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதிப் பயிற்சிப் பாடசாலை திறக்கப்பட்டது. அங்கு பயிலும் பெண்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியவை ஒரு பட்டியலாகத் தரப்பட்டன: நாடி, மூச்சு, தோல், நித்திரை, பசி, மயக்கம், காயத்தின் நிலை, அவற்றோடு மருந்து நோயாளியில் செய்த விளைவு. மருந்தை வாயில் ஊற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது தாதியின் வேலை அன்று. அது என்ன செய்தது என்று திரும்பி வந்து பார்த்துச் சொல்வதும் அவள் வேலை. இன்று சாதாரணமாகத் தோன்றும் இது, எழுத்தறியாத பெண்கள் தாதிகளாயிருந்த காலத்தில் பெரிய மாற்றம்.

யுத்தகளத்தில் பிடித்த காய்ச்சலின்பின் அவர் பழைய உடல்நலம் பெறவேயில்லை. நீண்ட காலம் படுக்கையில் இருந்தபடியே ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார். கடைசிக் காலத்தில் பார்வையும் போயிற்று. 1910 ஆகஸ்ட் 13ந் திகதி, தொண்ணூறாவது வயதில் மறைந்தார். வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்ய முன்வந்தபோது, அவர் விருப்பப்படி குடும்பத்தினர் மறுத்துவிட்டனர். ஈஸ்ற் வெல்லோ என்ற கிராமத்துக் கோவில் வளவில், குடும்பக் கல்லறையில் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பிறந்த, இறந்த திகதிகளும் மட்டுமே அவருக்காகப் பொறிக்கப்பட்டுள்ளன.