அமெரிக்காவைச் சிரிக்க வைத்துத் தூங்க வைத்தவர்

இரவு 11.30 மணி. ஊர்ச் செய்திகள் முடிந்துவிட்டன. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கணவனும் மனைவியும் படுக்கையில் சாய்கிறார்கள். அறையில் ஒரே ஒரு வெளிச்சம். அது டெலிவிஷன் பெட்டியின் வெளிச்சம்.

பெட்டியில் வாத்தியங்கள் முழங்குகின்றன. வண்ணத் திரை விலகுகிறது. மெலிந்த உடல், மடிப்புக் கலையாத கோட்டு, குறும்புப் பார்வை. ஒரு மனிதர் வந்து நிற்கிறார். அன்றைய பத்திரிகைச் செய்திகளை வைத்துக்கொண்டு சில நிமிஷம் கேலி பேசுகிறார். நாடு முழுவதும் சிரிக்கிறது. சிரித்துவிட்டுத் தூங்குகிறது.

இது ஒரு நாள், இரண்டு நாள் நடந்தது அல்ல. 1962 முதல் 1992 வரை, 30 ஆண்டுகள் நடந்தது. அந்த மனிதர்தான் ஜானி கார்சன்.

அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவர் ஆண்ட அந்த இரவு நேரமும் தேய்ந்துகொண்டே வருகிறது.

தபாலில் வந்த மந்திரம்

1925-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, அயோவா மாநிலத்தில் கார்னிங் என்ற சிற்றூரில் ஜானி பிறந்தார். தந்தை மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஜானிக்கு எட்டு வயது ஆனபோது, குடும்பம் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள நார்போக் என்ற ஊரில் குடியேறியது.

12 வயதில், ஒரு சிநேகிதன் வீட்டில் ஜால வித்தைப் புத்தகம் ஒன்று ஜானியின் கண்ணில் பட்டது. அன்றோடு பையனுக்குப் பைத்தியம் பிடித்தது. தபாலில் எழுதிப் போட்டு வித்தைச் சாமான்களை வரவழைத்தான். சீட்டுக்கட்டும் கையுமாக வீட்டில் இருப்பவர்களைத் துரத்தினான். ஒரு சீட்டை எடுக்கும்படி எல்லோரையும் நச்சரித்தான்.

மகா கார்சோனி! இது அவன் தனக்கு வைத்துக்கொண்ட மேடைப் பெயர். தாய் ஒரு கறுப்புத் துணியில் அந்தப் பெயரைத் தைத்துக் கொடுத்தாள். 14 வயதில், ஊரில் இருந்த ஒரு சங்கத்தில் வித்தை காட்டினான். கிடைத்த கூலி 3 டாலர்.

ஜானி கூச்ச சுபாவம் உள்ளவன். மேடை ஏறினால் கூச்சம் ஓடிவிடும். கீழே இறங்கினால் திரும்பி வந்துவிடும். இது கடைசி வரை மாறவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது கடற்படையில் சேர்ந்தார். பிறகு நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் படித்து, 1949-ல் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி என்ன தெரியுமா? சிரிப்புத் துணுக்குகளை எழுதுவது எப்படி என்பதுதான்! பெரிய விகடக்காரர்களின் ரேடியோப் பேச்சுகளை ஒலிநாடாவில் தொகுத்து, எந்த இடத்தில் ஏன் சிரிப்பு வருகிறது என்று விளக்கினார்.

புறாக்களிடம் பேட்டி

1950-ல் ஓமாகா நகரத்தில் ரேடியோ, டெலிவிஷன் நிலையத்தில் வேலை கிடைத்தது. அந்த ஊர்க் கோர்ட்டுக் கட்டடத்தின் மேல் புறாக்கள் நிறைய இருந்தன. உள்ளே நடக்கும் ஊழலை எல்லாம் புறாக்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்? கார்சன் அவற்றிடம் பேட்டி எடுப்பதுபோல் ஒரு வேடிக்கை செய்தார். ஊர் சிரித்தது.

மறு ஆண்டே கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே சொந்தமாக ஒரு சிறு நிகழ்ச்சி நடத்தினார். ரெட் ஸ்கெல்டன் என்ற பிரபல சிரிப்பு நடிகருக்கு வசனமும் எழுதிக் கொடுத்தார்.

1954-ல் ஒரு நாள். ஸ்கெல்டன் ஒத்திகையில் ஒரு கதவின் மேல் மோதினார். மோதினால் உடைந்து விழ வேண்டிய பொய்க் கதவு அது. ஆனால் உடையவில்லை. ஸ்கெல்டன்தான் மயங்கி விழுந்தார்! நிகழ்ச்சிக்கோ கொஞ்ச நேரமே இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் நேரடி ஒளிபரப்பு. தள்ளிவைக்க முடியாது. கார்சனை அழைத்து மேடையில் நிறுத்தினார்கள். அவர் சமாளித்துவிட்டார்.

இதைப் பார்த்த சி.பி.எஸ். நிறுவனம் அவருக்கு நாடு முழுவதும் தெரியும் ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்தது. அது 39 வாரத்தில் படுத்துவிட்டது. அடுத்து நியூயார்க்குக்குப் போய், ஒரு கேள்வி-பதில் போட்டியை 1957 முதல் 5 ஆண்டு நடத்தினார். அங்கேதான் எட் மக்மஹோன் என்ற அறிவிப்பாளர் கூட்டாளியாக வாய்த்தார். தொண்டை கிழிய நீட்டி முழக்கி, கார்சனின் பெயரைச் சொல்லி அவரை மேடைக்கு அழைத்தவர் இந்த மக்மஹோன்தான்.

மூன்றே வாசல்

1962 அக்டோபர் 1-ந் தேதி. என்.பி.சி. நிறுவனத்தின் 'டுநைட் ஷோ' என்ற இரவு நிகழ்ச்சிக்குக் கார்சன் தலைவர் ஆனார். கிரௌச்சோ மார்க்ஸ் என்ற சிரிப்பு நடிகர் அன்று அவரை அறிமுகம் செய்து வைத்தார்.

அன்றைய நிலையைத் தெரிந்துகொண்டால்தான் கார்சனின் பலம் விளங்கும். அமெரிக்கா முழுவதற்கும் பெரிய டெலிவிஷன் நிறுவனங்கள் மூன்றே மூன்று. என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. நிகழ்ச்சியை அது வரும் நேரத்தில் பார்க்க வேண்டும். தவறினால் தவறியதுதான். ஆகவே கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில், ஒரே பேச்சைக் கேட்டார்கள். மறுநாள் காலையில் ஆபீசிலும் தொழிற்சாலையிலும் பஸ்ஸிலும் அதே பேச்சு.

விளம்பரக் கம்பெனிகள் இந்தக் கூட்டத்துக்காகப் பணத்தைக் கொட்டின. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு சோபா. வேறு பெரிய செலவு இல்லை. என்.பி.சி.க்கு இது தங்கச் சுரங்கம். கார்சனின் சம்பளம் பின்னாளில் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

கடைகள் காலியான கதை

அவர் பேச்சுக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1973 டிசம்பரில், கழிப்பறைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். உண்மையில் தட்டுப்பாடு இல்லை. மறுநாள் ஜனங்கள் கடைகளுக்கு ஓடினார்கள். கட்டுக் கட்டாக வாங்கிக் குவித்தார்கள். அலமாரிகள் காலி! வராத தட்டுப்பாடு வந்தேவிட்டது. அது வேடிக்கை என்று பிறகு கார்சனே மேடையில் விளக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டில் இன்னொரு கூத்து. மனோசக்தியாலேயே கரண்டியை வளைப்பதாகச் சொல்லிப் புகழ் பெற்ற யூரி கெல்லர் என்பவர் நிகழ்ச்சிக்கு வந்தார். ஜால வித்தை தெரிந்த கார்சனை ஏமாற்ற முடியுமா? ராண்டி என்ற ஜாலக்காரரிடம் யோசனை கேட்டார். சாமான்களைத் தாமே ஏற்பாடு செய்து, கெல்லரின் ஆட்கள் தொடாதபடி காவல் வைத்தார். 20 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கரண்டி வளையவில்லை. கார்சன் கோபிக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு சோபா, ஒரு வாழ்க்கை

புதிய விகடக்காரர்களுக்கு அவர் மேடைதான் பரீட்சை மண்டபம். பேசி முடித்ததும் கார்சன் சைகை காட்டிச் சோபாவுக்கு அழைத்தால், அந்த ஆளுக்கு வாழ்வு வந்துவிட்டது என்று பொருள். டேவிட் லெட்டர்மன், ஜெர்ரி ஸைன்பெல்டு, எல்லன் டிஜெனரஸ் போன்றவர்கள் இந்த மேடையால் உயர்ந்தவர்கள்.

ஆனால் அவருக்கு வன்மமும் உண்டு. ஜோன் ரிவர்ஸ் என்ற நடிகையை அவர்தான் வளர்த்துவிட்டார். தாம் விடுமுறை எடுத்த நாட்களில் தம் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். 1986-ல் அவர் போட்டி நிறுவனத்தில் சொந்த நிகழ்ச்சி தொடங்கப் போகிறார் என்று தெரிந்தது. அதன் பிறகு கார்சன் சாகும் வரை அவருடன் ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் இதை மன்னித்திருக்கலாம்.

வீட்டில் இல்லாத சிரிப்பு

ஊரைச் சிரிக்க வைத்தவருக்கு வீட்டில் சுகம் இல்லை. நான்கு கல்யாணம். மூன்று விவாகரத்து. விவாகரத்துக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தைப் பற்றி அவரே மேடையில் கேலி பேசுவார். விருந்துகளில் ஒரு மூலையில் நிற்பார்.

முதல் மனைவிக்கு மூன்று மகன்கள். நடு மகன் ரிக் புகைப்படக்காரர். 1991 ஜூன் மாதம் கலிபோர்னியாவில் ரிக்கின் கார் சரிவில் உருண்டது. மகன் இறந்துவிட்டான்.

சில வாரம் கழித்துக் கார்சன் மேடைக்கு வந்தார். வழக்கம்போல் நிகழ்ச்சியை நடத்தினார். முடியும் நேரத்தில் மகனைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசினார். பிறகு ரிக் எடுத்த இயற்கைக் காட்சிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் செய்தார்.

கடைசி இரவு

1992 மே 22-ந் தேதி கார்சன் கடைசியாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். விருந்தாளி யாரும் இல்லை. மேடையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து விடை பெற்றார். சுமார் 5 கோடி பேர் பார்த்தார்கள்.

பிறகு மேடைப் பக்கமே அவர் திரும்பவில்லை என்றே சொல்லலாம். படகு ஓட்டினார். ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியைக் கற்றுக்கொண்டார். ஆனால் காலையில் பத்திரிகை படித்ததும் துணுக்குகள் மட்டும் மனதில் வந்துகொண்டே இருந்தன. அவற்றை எழுதி லெட்டர்மனுக்கு அனுப்பி வந்தார். லெட்டர்மனும் அவற்றைத் தம் நிகழ்ச்சியில் சொல்லி வந்தார். யார் எழுதியது என்று ஜனங்களுக்குத் தெரியாது.

சிகரெட் பழக்கம் நுரையீரலை அரித்துவிட்டது. 2005 ஜனவரி 23-ந் தேதி, 79-வது வயதில் கார்சன் காலமானார். ஒரு வாரம் கழித்து லெட்டர்மன் மேடை ஏறித் துணுக்குகள் சொன்னார். கூட்டம் சிரித்தது. அத்தனையும் கார்சன் எழுதி அனுப்பியவை என்று பிறகுதான் வெளியிட்டார்.

நாற்காலிக்கு வந்த நிலை

கார்சன் விலகியபோது அவர் நாற்காலிக்குப் பெரும் சண்டை நடந்தது. என்.பி.சி. அதை ஜே லெனோவுக்குக் கொடுத்தது. மனம் கசந்த லெட்டர்மன் 1993-ல் சி.பி.எஸ்.ஸில் போட்டி நிகழ்ச்சி தொடங்கினார்.

ஆனால் அதற்குள் கேபிள் வந்து வாசல்கள் பல ஆகிவிட்டன. பிறகு இன்டர்நெட் வந்தது. நெட்பிளிக்ஸ், யூடியூப் போன்றவை வந்தன. வேண்டியதை, வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். 11.30 மணிக்காக யார் விழித்திருப்பார்கள்? 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கணக்கு எடுத்தார்கள். ஜனங்கள் டெலிவிஷன் பெட்டியில் செலவழித்த நேரத்தில் 44.8 சதவீதம் இன்டர்நெட் வழியே வந்தவற்றுக்குப் போயிற்று. பழைய ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்தே 44.2 சதவீதம்தான். இப்படி ஆனது அதுவே முதல் தடவை.

இரவு விகடக்காரர்களின் பேச்சைத் துண்டு துண்டாக மறுநாள் செல்போனில் பார்க்கிறார்கள். சிரிப்பு குறையவில்லை. விளம்பரப் பணம்தான் குறைந்துவிட்டது. வாத்தியக் கோஷ்டி, எழுத்தாளர்கள், பெரிய அரங்கம் எல்லாவற்றுக்கும் அது கட்டுப்படியாகவில்லை.

2025 ஜூலையில் சி.பி.எஸ். ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லெட்டர்மன் தொடங்கி, 2015 முதல் ஸ்டீபன் கோல்பேர் நடத்திவந்த நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு நிறுத்தப்படும் என்பதே அது. இதில் அரசியல் இருக்கிறது என்று சிலர் குற்றம் சாட்டினார்கள். பணக் காரணம் ஒன்றுதான் என்று நிறுவனம் சொன்னது. இந்தத் தடவை நாற்காலிக்குச் சண்டை இல்லை. நாற்காலியே இல்லை!

உப்புச் சுரங்கத்தில்

கார்சனின் முதல் பத்து ஆண்டு நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இன்று கிடையாது. நாடா விலை அதிகம் என்று, என்.பி.சி. அவற்றை அழித்துவிட்டு மேலே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. மறுநாளைக்கு இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்! விஷயம் தெரிந்தபோது கார்சன் கொதித்துப்போனார்.

மிஞ்சிய நாடாக்களைக் கான்சாஸ் மாநிலத்தில் பூமிக்கு அடியில் ஓர் உப்புச் சுரங்கத்தில் பாதுகாத்து வைத்தார்கள். அங்கே ஈரம் இல்லை, நாடா கெடாது. அப்படி மிஞ்சிய நிகழ்ச்சிகளின் துண்டுகள்தான் இப்போது செல்போனில் வருகின்றன. கார்சன் இறந்த பிறகு பிறந்த பிள்ளைகள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, பட்டப்பகல் 11.30 மணிக்கு அவற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.